பட்டிமன்றத்துக்கு ஆதாரம் வேண்டும், அண்ணாச்சிமாரே, அக்காமாரே

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம் நடத்துகிறது. ‘நொடித்துப்போகும் உள்நாட்டுக் கார் நிறுவனங்களுக்கு அரசு மானியம் தரலாமா?’ என்பது பொருள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது ‘தரலாம்’ அணி. மனத்தளவில் நான் எதிரணி என்பது வேறு கதை.

அவர்கள் என்ன பேசுவார்கள் என்று இப்போதே தெரிகிறது. பிரிட்டிஷ் லேலண்ட் என்ற கார் நிறுவனத்தை 1975-இல் பிரிட்டன் அரசே ஏற்றுப் பணத்தைக் கொட்டியது. அதன் மிச்சமான எம்.ஜி. ரோவர் 2005-இல் நொடித்தது. ஆஸ்திரேலியா பல ஆண்டுகள் மானியம் கொடுத்தும் ஃபோர்டு 2016-இலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017-இலும் அங்கே உற்பத்தியை நிறுத்தின. என் கையில் இருப்பது 2009-இல் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸைத் தூக்கி நிறுத்திய கதை மட்டும். அதிலும் போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. எதிரணியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், விடமாட்டார்.

எனக்கு வேண்டியது சிறு பட்டறைகளின் பக்கம். பெரிய ஆலை நின்றால் அதை நம்பி உதிரிபாகம் செய்தவர்கள் என்ன ஆகிறார்கள்? 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றபோது பாதிக்கப்பட்டவர்கள், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் அனுபவத்தை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. ஜெயித்தால் அல்வா என் செலவு.