புதுப்பிப்பு: காயவைத்த கோழியிறைச்சி நாய்த் தீனியில் சால்மொனெல்லா, காரணம் கிடைத்தது

உட்லண்ட்ஸில் நாங்கள் தயாரிக்கும் நாய்த் தீனி, ஓவனில் நன்றாக வெந்த பிறகும் சோதனையில் சால்மொனெல்லா பாக்டீரியா காட்டுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் சூட்டைச் சந்தேகித்தோம். தடிமனான துண்டின் நடுவில் அளந்தால் 75 டிகிரிக்கு மேலேயே இருந்தது. "ஓவனுக்கு அப்புறம் என்ன நடக்கிறது, பாருங்கள்" என்று ஓர் அண்ணன் சொன்னாரே, அதுதான் சரி. ஆறவைக்கும் அறையில் துடைத்தெடுத்த மாதிரிகளில் தள்ளுவண்டிச் சக்கரமும் தரை வடிகாலும் பாசிட்டிவ். அதே வண்டிதான் பச்சை இறைச்சிப் பக்கமும் போய் வந்தது!

இப்போது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வண்டி, தனிக் காலணி. மேலே ஏர்கான் குழாயில் வியர்த்துச் சொட்டிய நீரையும் நிறுத்தினோம்.

எதிர்பாராதது: தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவியதே கெடுதலாகியிருந்தது. சால்மொனெல்லா உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் கிடைத்தால்தான் பெருகும். அதனால் அந்த அறையில் இனி அழுக்கைச் சுரண்டி எடுப்பது, வேக்கம் கிளீனர், ஆல்கஹால் துடைப்பு மட்டும்.

அதன் பிறகு ஆறு பேட்ச்சும் சுத்தம். வடிகாலில் மட்டும் வாராவாரம் மாதிரி எடுக்கிறோம்.