ஆங்கில மரபுத்தொடரில் எந்த அசையை அழுத்துவது?

செம்பனைத்தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்:
மகள் மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறாள். வீட்டில் தமிழ், கடையில் மலாய் என்று வளர்ந்த பிள்ளை. "வன்ஸ் இன் அ ப்ளூ மூன்" (எப்போதாவது ஒரு முறை) என்றால் ஐந்து அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறாள், வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல. அகராதியில் "வெதர்" சொல்லுக்கு நடுவே புள்ளி இருக்கிறது. அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங்:
வேண்டாம் அம்மா. வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்குத்தான் அந்தப் புள்ளி. பேச்சுக்கு, உச்சரிப்புக் குறிப்பில் உள்ள சின்ன நிமிர்ந்த கோட்டைப் பாருங்கள். அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம்.

தொடர் என்று வந்தால் அசைகள் சொல் எல்லையைத் தாண்டும். நாம் "பால் இல்லை" என்பதைப் "பாலில்லை" என்கிறோம் அல்லவா? அப்படித்தான் வன், சி, ன, ப்ளூ, மூன். நடுவில் உள்ள "சி, ன" இரண்டையும் ஓடவிட்டு, "மூன்" மேல் முழு அழுத்தம் தர வேண்டும். "அண்டர் த வெதர்" (உடம்பு சரியில்லை) என்பதில் "அண்" கொஞ்சம், "வெ" அதிகம். "த" வந்ததே தெரியக் கூடாது.

பெரும்பாலும் கடைசிப் பொருட்சொல்லுக்கே, அதாவது "மூன்", "வெதர்" போலப் பொருளைத் தாங்கும் சொல்லுக்கே, முதலிடம். ஆனால் "யூ கேன் சே தட் அகெய்ன்" என்று ஒன்று உண்டு. "தட்"டை அழுத்தினால் "நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி". "அகெய்ன்" பக்கம் அழுத்தம் போனால் "திரும்பச் சொல்லலாம்" என்றாகிவிடும்! அதனால் பொருளை மட்டும் மனப்பாடம் செய்யவிடாதீர்கள். ஓசையோடு சேர்த்துப் பழகட்டும். வெள்ளைக்காரர் குரல் நமக்குத் தேவையே இல்லை. அழுத்தம் சரியாக விழுந்தால் மலேசியப் பேச்சே அழகுதான்.

லோரிக்காரத் தம்பி, பீடோர்:
அக்கா, எங்கள் வேலையிலேயே ஒன்று இருக்கிறது. லோரி "புரோக் டவுன்" என்று வினையாகச் சொன்னால் "டவுன்" கனக்கும். "பிரேக்டவுன்" என்று பெயர்ச்சொல்லானால் "பிரேக்" கனக்கும். "டேக் ஆஃப்" கூட அப்படித்தான்.

செம்பனைத்தோட்டத்து அம்மா:
நன்றி ஐயா, நன்றி தம்பி. அவள் வாய்க்கு வாய் சொல்லும் "எட் த எண்ட் ஒவ் த டே" (கடைசியில் பார்த்தால்) எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங்:
"எண்ட்", "டே" இரண்டிலும், "டே" பெரிது. உயிரோசைக்கு முன்னால் வரும் "த", "தி" ஆகும். மணி அடித்தது மணியடித்தது ஆவதுபோல "தியெண்ட்" என்று ஒட்டிச் சொல்லட்டும். "ஒவ்" முன்னால் உள்ள "ட்"டோடு சேர்ந்துகொள்ளும்: எட், தி, யென், டவ், த, டே.