புதுக் கான்கிரீட் தளத்தில் கார் ஏற்ற எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கரிசல்வீடு:
அனைவருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலையை நானே நின்று பார்க்கிறேன். கேட்டிலிருந்து வாசற்படி வரை கார் நிறுத்தும் தளத்துக்குப் போன வியாழக்கிழமை கான்கிரீட் போட்டோம். 10 அடி அகலம், 22 அடி நீளம், 5 அங்குல கனம். இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

மூன்று நாளில் கார் ஏற்றலாம் என்கிறார் கொத்தனார். ஒரு மாதம் ஆகட்டும் என்கிறார் சிமென்ட் கடைக்காரர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அன்றைக்குச் சமையலுக்கும் மற்றதற்கும் தண்ணீர் லாரி உள்ளே வர வேண்டும். எங்கள் கார் சிறியதுதான். அதை எப்போது ஏற்றலாம்? லாரியை எப்போது விடலாம்?

இன்னொன்று. போட்ட அன்று மாலையே மேலே மயிரிழை போலச் சில வெடிப்புகள் தெரிந்தன. நகம் நுழையவில்லை. பயப்பட வேண்டுமா?

புதுக்குடித்தனம்:
நான் மூன்றாம் நாளே வண்டி ஏற்றினேன். இரண்டு வருடமாகத் தளம் நன்றாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

ரசமட்டம்:
நண்பரே, நீங்கள் ஏற்றியது இரு சக்கர வண்டியா, காரா? 150 கிலோவுக்குத் தாங்கியது 1,200 கிலோவுக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இதை நம்பி இவர் தளத்தை இழந்துவிடக் கூடாது.

சகோதரி, பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். எந்த சிமென்ட்? மூட்டையில் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) என்று இருந்ததா, பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்த கலப்பு சிமென்ட்) என்று இருந்ததா? என்ன விகிதத்தில் கலந்தார்கள்? இந்த ஆறு நாளும் தண்ணீர் எப்படிக் கட்டினீர்கள்? தளத்துக்கு அடியில் கரிசல் மண்ணா?

கரிசல்வீடு:
பி.பி.சி. சிமென்ட், ஐயா. சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. மணல் எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்தது), ஜல்லி முக்கால் அங்குலம். கரிசலை இரண்டு அடி தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்தோம். காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் 3 மணிக்கு முடித்தார்கள். மறுநாள் காலையிலிருந்து கோணிச்சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்தேன். மறைக்காமல் சொல்கிறேன்: சனிக்கிழமை மாலை உறவினர் திருமணத்துக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில்தான் திரும்பினோம். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. அதிலிருந்து விடாமல் நனைக்கிறேன்.

ரசமட்டம்:
சொன்னது நல்லதாகப் போயிற்று. நாட்கணக்கை விட இந்த ஒன்றரை நாள்தான் முக்கியம்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. தண்ணீர் இல்லாத நேரத்தில் அந்த வினை மெதுவாகி நின்றுவிடும். கத்திரி வெயிலில் ஒன்றரை நாள் காய்ந்த மேற்பரப்புக்கு வயது மட்டும் ஏறியது, பலம் ஏறவில்லை. மறுபடி நனைத்தால் வினை தொடரும். ஆனால் தொடர்ந்து நனைந்த தளத்தின் பலத்தை அது முழுதாக எட்டிப்பிடிக்காது. ஆகவே கணக்கைத் திங்கட்கிழமையிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது இது. ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட்டுக்கும், வறண்ட வெப்பமான இடத்துக்கும் குறைந்தது 10 நாள். கலப்பு சிமென்ட்டுக்கு அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்றும் சொல்கிறது. உங்களுக்குக் கலப்பு சிமென்ட்டும் உண்டு, வெயிலும் உண்டு. 14 நாளுக்குக் குறைக்காதீர்கள்.

இது தண்ணீர் கட்டும் கணக்கு. வண்டி ஏற்றும் கணக்கு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீங்கள் போட்டது ஏறக்குறைய எம் 20 என்ற தரக் கான்கிரீட். அதன் முழுப் பலம் 28 நாளில் கணக்கிடப்படுகிறது. நன்றாக நனைத்த ஓ.பி.சி. கான்கிரீட்டே 7 நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத்தான் எட்டியிருக்கும். பி.பி.சி. தொடக்கத்தில் அதைவிட மெதுவானது. கான்கிரீட் சாலையைக்கூடப் பொதுவாக 28 நாளுக்குப் பிறகே போக்குவரத்துக்குத் திறக்கிறார்கள்.

மண்மேல் கிடக்கும் வீட்டுத் தளத்தில் சிறிய காரை 14 நாள் ஈரத்துக்குப் பிறகு மெதுவாக ஏற்றலாம். அப்போதும் ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளேயே சக்கரம் போக வேண்டும். தளத்தின் பலவீனமான இடம் ஓரமும் மூலையும்தான்.

தண்ணீர் லாரியை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். 6,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 6 டன். வண்டியின் எடை தனி. பெரும்பகுதியைப் பின்சக்கரங்கள் சுமக்கும். கரிசல் பூமியில் 5 அங்குலத் தளம் 28 நாள் கழித்தும் அதற்கானது அல்ல.

வெடிப்புக்கு வருகிறேன். உச்சிவெயிலில் போட்டதால், கான்கிரீட் இறுகும் முன்பே மேல்பரப்பின் ஈரம் பறந்து வந்த வெடிப்பு. நகம் நுழையாத அளவில் பலத்துக்குக் கேடில்லை. தண்ணீர் கட்டி முடிந்ததும் சிமென்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) தூரிகையால் உள்ளே இறங்கும்படி தேய்த்துவிடுங்கள். கீழே கரிசல் இருப்பதால் இதை விட்டுவிடாதீர்கள். அது ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

தூக்குக்குண்டு:
34 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். பொறியாளர் தம்பி ரசமட்டம் சொன்னதெல்லாம் சரி. ஓரம் என்று சொன்னாரே, அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஆறாம் நாள் டைல்ஸ் ஏற்றிய வண்டியை உள்ளே விட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சக்கரம் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் போனது. மூலை முக்கோணமாக அப்படியே உடைந்து இறங்கியது. அதைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போட்டும் பழைய தளத்தோடு ஒட்டவே இல்லை.

அம்மா, இனிமேல் சாக்கை நம்பாதீர்கள். இந்த வெயிலில் சாக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. களிமண்ணைக் குழைத்துச் சுற்றிலும் வரப்பு வைத்து, நடுவில் குறுக்கு வரப்புகள் போட்டுப் பாத்தி கட்டுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் போதும். வாட்டம் (சரிவு) இருக்கிற பக்கம் பாத்தியைச் சின்னதாக வையுங்கள், இல்லாவிட்டால் மேட்டுப் பக்கம் காய்ந்து போகும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தளத்துக்கு அடியில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறதா?

கரிசல்வீடு:
இருக்கிறது, ஐயா. கேட்டை ஒட்டி இடது பக்கம், 6 அடிக்கு 5 அடி. அதன் மூடுதளமும் அதே வியாழக்கிழமை சேர்த்துப் போட்டதுதான். 10 எம்.எம். கம்பி, 6 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டிய சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கம்பங்களும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அது தனிக் கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரசமட்டம்:
தூக்குக்குண்டு ஐயா கேட்டது எவ்வளவு பெரிய உதவி! நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சகோதரி, நான் மேலே சொன்ன 14 நாள் மண் தாங்கும் பகுதிக்கு மட்டும். சம்ப் மேல் உள்ளது அந்தரத்தில் நிற்கும் தளம். கேட்டை ஒட்டி இருப்பதால் காரின் இடது சக்கரம் அதன்மேல்தான் ஏறி இறங்கும். அங்கே தவறு நடந்தால் வண்டியோடு ஆளும் உள்ளே போக நேரிடும். ஆகவே காரும் 28 நாளுக்குப் பிறகுதான். இதற்கும் திங்கட்கிழமையிலிருந்தே 28 எண்ணுங்கள். கம்பி அளவு காருக்குப் போதும் என்றே தோன்றுகிறது. ஆனாலும் வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லாரி அந்தக் கேட்டுக்குள் எந்நாளும் வேண்டாம்.

ஓ.பி.சி. சிமென்ட்டில் இந்த நீளத் தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்பது தரநிலை. உங்களுடையது பி.பி.சி., நடுவில் காயவும் விட்டிருக்கிறீர்கள். 14 ஈர நாட்கள் முடியட்டும். விசேஷத்தன்று கூட்டம் அதன்மேல் நடக்கும், முட்டு உள்ளேயே இருப்பதுதான் நல்லது.

தூக்குக்குண்டு:
முட்டைப் பிரிக்கும்போது கவனம், அம்மா. மூடிக் கிடந்த தொட்டிக்குள் பலகையும் ஈரமும் அழுகி, மூச்சுவிடக் காற்று இல்லாமல் போயிருக்கும். ஒரு முறை என் கண் எதிரிலேயே ஒரு பையன் ஏணியில் நான்காவது படி இறங்கியதும் தலை தொங்கிச் சரிந்தான். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம், பிழைத்தான். இவனைத் தூக்க இன்னொருவன் இறங்கியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும்.

முந்தின நாளே மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறியால் உள்ளே காற்றை விடுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். கொத்தனார் அவசரப்பட்டாலும் நீங்கள் விடாதீர்கள்.

விசேஷத்துக்குப் பந்தல் போடுவீர்கள். பந்தல்காரர் தளத்தில் குழி தோண்டவோ கடப்பாறை போடவோ விடக் கூடாது. மணல் நிரப்பிய தகர டின்னில் காலை நிறுத்தச் சொல்லுங்கள்.

கரிசல்வீடு:
ஐயாவுக்கும் பொறியாளர் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் லாரியைத் தெருவிலேயே நிறுத்தி, 100 அடிக் குழாய் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினோம். லாரிக்காரர் முணுமுணுத்தார்; 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். விடியற்காலையில் பாத்தித் தண்ணீரை வடித்துவிட்டு ஈரச் சாக்கின் மேல் ஜமுக்காளம் விரித்தோம். பந்தி முடிந்ததும் மறுபடி வரப்பு வைத்துவிட்டேன்.

நேற்று முட்டுகளைப் பிரித்தார்கள். முந்தின நாள் காலையிலேயே மூடியைத் திறந்து மேசை விசிறியைச் சாய்த்து வைத்திருந்தேன். திறந்தவுடன் வந்த வாடையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கயிறு கட்டாமல் இறங்கப் பார்த்தவரை நான்தான் தடுத்தேன். அடிப்பக்கம் கம்பி எங்கும் தெரியவில்லை, ஜல்லிக்கூடும் (ஜல்லிகளுக்கு நடுவே கலவை நிரம்பாத பொந்து) இல்லை என்றார்.

கார் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாட்காட்டியில் 28வது நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.