ரைஃபிள் குண்டுக்குப் பூச்சு: வேண்டுமா, வெறுமனே விடலாமா?

புதுக்கை:
போட்டிக்காக நானே தோட்டா ரீலோட் செய்ய (சுட்ட பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி நிரப்ப) ஆரம்பித்திருக்கிறேன். குண்டுக்கு மோலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கருந்தூள்) அல்லது போரான் நைட்ரைடு பூசினால் உராய்வு குறைந்து குரூப் இறுகும், அதாவது குண்டுகள் இலக்கில் நெருங்கி விழும் என்கிறார்கள். அந்த வேலை தேவைதானா?

வெறுஞ்செம்பு:
தேவையே இல்லை. இரண்டு வருடம் மோலி பூசிப் பார்த்தவன் நான். விரல், மேசை, சட்டைக் கை எல்லாம் கரி. அதுகூடப் போகட்டும். பேரலைச் சுத்தம் செய்த பிறகுதான் உண்மையான தொல்லை. வெறும் குண்டுக்கு என் பேரல் இரண்டு மூன்று ரவுண்டில் நிலைக்கு வந்துவிடும். மோலிக்கோ, பூச்சு மறுபடி படியும்வரை ஏறியும் இறங்கியும் விழும். பத்துப் பன்னிரண்டு ரவுண்டு வீண்.

தூரக்குறி:
அது மோலியின் குறை அண்ணா, எல்லாப் பூச்சின் மேலும் ஏற்றாதீர்கள். போரான் நைட்ரைடு வெள்ளைத் தூள், மோலியைவிட அதிகச் சூடு தாங்கும். சுத்தம் செய்ததும் ஆல்கஹாலில் கலக்கித் துணியில் நனைத்து பேரலுக்குள் தேய்க்கிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு சுட்டால், முதல் குண்டே மற்றதோடு சேர்கிறது.

வெறுஞ்செம்பு:
சரி, வேகம்? உராய்வு குறைந்தால் அழுத்தம் குறையும், வேகமும் இறங்கும். குண்டின் வேகம் அளக்கும் என் குரோனோகிராஃபில் விநாடிக்கு 30, 40 அடி போனது. அதை மீட்க வெடிமருந்தைக் கூட்டுகிறோம். அதே அளவை மறதியில் வெறும் குண்டுக்குப் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். புதிதாக வருபவரிடம் இதை முதலில் சொல்ல வேண்டாமா? பேரல் ஆயுள் கூடும் என்பதையும் நான் நம்பவில்லை. த்ரோட்டை (குண்டு பேரலுக்குள் நுழையும் தொடக்கப் பகுதியை) அரிப்பது பெரும்பாலும் மருந்தின் சூடு, குண்டின் உராய்வு இல்லை.

தூரக்குறி:
இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பூசியதற்கும் பூசாததற்கும் தனித்தனி டப்பா, தனித்தனி குறிப்பேடு. எதற்கும் குறைந்த மருந்தில் தொடங்கித்தான் ஏற வேண்டும். ஆனால் நான் பூசுவது வேகத்துக்காக இல்லை. மாதக்கணக்கில் கிடந்த தோட்டாவின் குண்டை சீட்டிங் டையில் (குண்டைக் கூட்டின் கழுத்துக்குள் அழுத்தும் கருவியில்) ஒரு மயிரிழை கூடுதலாக இறக்கிப் பாருங்கள். 'டிக்'கென்று விடும். குண்டும் பித்தளைக் கழுத்தும் அவ்வளவு ஒட்டிப்போயிருக்கும். ஒன்று இறுக்கமாக, ஒன்று இளக்கமாக விட்டால் வேகம் எப்படிச் சீராக வரும்? தூரத்தில் அது மேலும் கீழுமாகத்தான் தெரியும். பூசிய குண்டில் அந்த 'டிக்' எனக்குக் கேட்டதில்லை.

வெறுஞ்செம்பு:
அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். அதற்குக் கழுத்தின் உள்பக்கம் கொஞ்சம் கிராஃபைட் போதுமே. அப்புறம், குண்டைச் சற்று நீட்டி வைத்துவிட்டு, போட்டிக்கு முந்தின இரவு சரியான ஆழத்துக்கு இறக்குகிறேன். குண்டு முழுக்க எதற்குப் பூச வேண்டும்?

தூரக்குறி:
நடுவில் துடைக்காமல் 70, 80 ரவுண்டு சுடும் நாட்களுக்காக. என் பேரலில் குண்டின் செம்பு சீக்கிரம் படியும். பூச்சுக்குப் பிறகு துடைக்கும் துணியில் அந்தச் செம்பைக் காட்டும் நீலக்கறை பாதியாகக் குறைந்துவிட்டது. உங்கள் பேரலில் செம்பு படியவில்லை என்றால் உங்களுக்கு இது வேண்டாம், சரிதான்.

புதுக்கை:
என் பேரல் புதிது, நீலம் அவ்வளவாக வரவில்லை. முதலில் வெறும் குண்டும் கிராஃபைட்டும் வைத்து சுட்டுப் பார்க்கிறேன். குறிப்பேட்டையும் இன்றே பிரித்துவிடுகிறேன்.