ஃப்ளூ ஏ, பி இல்லை என்றால் சி-யா, டி-யா?

மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன். லயத்து வீடு. அப்பா செம்பனைக்குள் 16 மாடு மேய்க்கிறார். 6 வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மூக்கொழுகல். கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஃப்ளூ ஏ, பி இரண்டும் இல்லையாம். சி, டி என்றும் உண்டாமே? எங்கள் தீம்பாரில் (தோட்டத்தில்) எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

— தங்கச்சி, நான் 28 வருடம் ஆய்வகத்தில் இருந்தவன். அந்தக் குச்சிச் சோதனை ஏ, பி-யை மட்டும்தான் தேடும். சி 1947-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. உலகில் பல இடங்களில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதன் எதிர்ப்பொருள் இருக்கிறது. எதிர்ப்பொருள் என்றால் என்றோ வந்துபோன தடயம். இன்றைய காய்ச்சலுக்குச் சாட்சி இல்லை. தோட்டத்துக் கணக்கு வேண்டுமானால், வயதுவாரியாக இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சளி வைரஸ்கள் வேறு எத்தனையோ உண்டு, சி-தான் என்று முடிவுகட்டாதீர்கள்.

— அப்பாவின் மாடுகள்?

— டி 2011-ல் அமெரிக்காவில் ஒரு பன்றியிடம் கிடைத்தது. ஆனால் அதன் முக்கிய இருப்பிடம் மாடுதான். மாட்டோடு வேலை செய்பவர்களிடம் எதிர்ப்பொருள் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கு நோய் தந்ததாக உறுதியாகவில்லை. பயம் வேண்டாம். மாடு இருமினால் அப்பா கை கழுவிவிட்டுப் பேத்தியைத் தூக்கட்டும்.

— நன்றி அண்ணே. இன்று காய்ச்சல் இல்லை, கஞ்சி குடித்தாள்.

— மூச்சு வாங்கினால் உடனே கொண்டுபோங்கள், ராத்திரி என்றாலும்.