சித்தி பேசியது மூன்று நிமிடம், எழுதப்பட்டது ஒரு வரி: கருத்துக் கேட்கும் கூட்டங்களில் உங்கள் அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனைப் பிள்ளை எழுதியது:

தொழிற் சட்டம், சம்பளம், வரவு செலவுத் திட்டம், மின்கட்டணம் என்று எது மாறப் போனாலும் “பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்” என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு அறிவித்தல் வரும். நம்மில் நிறையப் பேர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். போனவர்கள் இருந்தால் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். கொழும்பில் தமிழில் பேசப் போனால் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். முதலில் என் கதை.

2023. தொழிற் சட்டங்களைத் திரட்டி ஒரே வேலைவாய்ப்புச் சட்டமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இல் வந்தது, கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1950இல், கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துத் துணியில் தைத்தது. பொருளாதாரம் விழுந்து, அந்த மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்திருந்தது. முதலீடு வரவேண்டும், வேலை நேரம் நெகிழவேண்டும் என்றே எல்லா மேடையிலும் பேச்சு. அந்தப் புதுச் சட்டத்துக்குள் வீட்டு வேலை செய்கிறவர்கள் வருவார்களா என்பது மட்டும்தான் எங்கள் வீட்டுக் கேள்வி.

ஏனென்றால் என் சித்தி பதினான்கு வயதில் ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து தரகர் ஒருவரோடு கொழும்புக்கு வந்தவர். வீட்டு வேலை செய்கிறவர். இப்போது இருப்பது கொழும்புக் கறுவாத்தோட்டத்தில், அவர் வேலை செய்யும் நான்காவது வீடு. 2016இன் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்தியே எழுதப்பட்டது. ஓய்வுகாலத்துக்குச் சேமிக்கிற ஊழியர் சேமலாப நிதியும் அவருக்கு இல்லை. வீட்டு வேலைக்காரரைப் பெயர் சொல்லி எழுதின சட்டம் எது என்று தேடினால் 1871இன் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் கைக்கு வருகிறது. வெள்ளைக்காரன் அதைப் போட்டது அவர்களைப் பதிந்து கண்காணிக்க.

அந்தச் சட்ட வரைபு பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு புதன்கிழமை. சித்தி தலைவலி என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு எடுத்தார். பேசவேண்டியதை சி.ஆர். புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி, 103 பஸ்ஸில் உதடு அசைய அசையப் படித்துக்கொண்டே வந்தார். வரைபு ஆங்கிலத்தில்தான் முன்கூட்டிக் கிடைத்தது. தமிழில் கிடைத்தது அன்று காலை வாசலில் கொடுத்த ஒரே ஒரு தாள், அதுவும் சுருக்கம். எங்கள் வரிசையில் பதினொரு பேர், தாள் நான்கு. சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

முதலாளிமார் சங்கங்களிலிருந்து வந்தவர்கள் பேசினார்கள், தொழிற்சங்கத்தார் பேசினார்கள். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டே கால். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றார்கள். சித்தி மைக்கைச் சூடான தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

“ஐயா, சம்பளத்தக் கூட்டித் தாங்கன்னு கேக்க நான் வரல. நான் படுக்குறது மாடிப்படிக்குக் கீழ, தண்ணி மோட்டர் இருக்குற ரூம்ல. ராத்திரி ஒண்ணரைக்குக் கேட் பெல் அடிச்சா நான்தான் எந்திரிச்சுப் போய்த் தொறக்கணும். பெல் அடிக்காட்டியும் அடிக்குமோன்னு காத நட்டு வச்சிக்கிட்டுதான் படுக்கணும். அது வேல நேரமா, தூங்குற நேரமா? கடைப் புள்ளைக்குச் சட்டத்துல மணிக்கணக்கு இருக்கு. எனக்கு எங்க இருக்கு? அத மட்டும் எழுதுங்க.”

மண்டபத்தில் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சித்தியைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதை இங்கே எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பிறகு தெரிந்துகொண்ட ஒன்று. 2011இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்காக நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சித்தி கேட்ட அதே கேள்விக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கூப்பிட்டால் வரவேண்டும் என்று வீட்டாரின் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிற நேரம் எவ்வளவு தூரத்துக்கு வேலை நேரமாகும் என்பதை நாட்டுச் சட்டம் சொல்லவேண்டும் என்கிறது 10ஆம் உறுப்புரை. கூட்டம் நடந்தபோது இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்றிருக்கவில்லை. சித்தி அதைப் படித்தவர் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்துக் கண்டுபிடித்த கேள்வி அது.

நாலைந்து மாதம் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு அந்தக் கூட்டத்தின் குறிப்பை வாங்கினேன். சித்தி பேசியது இப்படி இருந்தது: “வீட்டுப் பணியாளர்களின் நலன்புரி வசதிகள் மேம்படுத்தப்பட வேண்டுமென ஒரு பங்குபற்றுநர் கேட்டுக்கொண்டார்.”

பெல் இல்லை. ஒண்ணரை மணி இல்லை. கேள்வியே இல்லை.

வெள்ளவத்தை மில்காரர்:

தங்கச்சி, வாசிக்க நெஞ்சு கனக்குது. என்ரை அனுபவம் வேற மாதிரி. நான் மிளகாய்த்தூள், அரிசிமா அரைக்கிற சின்ன மில் வைச்சிருக்கிறன். மின்கட்டணம் ஏறினால் எனக்கு ரெண்டு ஆளின்ரை வேலை போகும், அதாலை இதையும் வேலைவாய்ப்புக் கதையாத்தான் நான் பாக்கிறன்.

மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மேல் மாகாணத்துக்கு வைச்ச வாய்மூலக் கருத்துக் கேட்பு, 2025 ஜனவரி, பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம். நான் போனனான். மின்சார சபை கட்டணத்தை இருந்தபடி வைச்சிருக்கக் கேட்டிருந்தது. நான் ஒண்டும் பெரிசாப் பேசேல்லை. பன்னிரண்டு மாதப் பில்லையும் ஒரே தாளிலை வரிசையா எழுதி, பக்கத்திலை அந்தந்த மாதம் அரைச்ச கிலோவையும் எழுதி, ஒரு கிலோவுக்குக் கரண்ட் செலவு எவ்வளவு எண்டு கீழை கணக்குப் போட்டுக் கொண்டு போனன். பக்கத்து வீட்டு மாத்தையா தலைப்புகளைச் சிங்களத்திலையும் எழுதித் தந்தவர். மேசையிலை தாளைக் குடுத்திட்டு அதையே வாசிச்சன்.

17ஆம் திகதி சராசரியா 20 சதவீதம் குறைச்சு முடிவு வந்தது. என்ரை தாளாலைதான் எண்டு சொல்ல மாட்டன், எத்தினையோ பேர் எத்தினையோ மாகாணத்திலை கதைச்சவை. ஆனால் கட்டணம் கேட்டது மின்சார சபை, முடிவெடுக்கிறது ஆணைக்குழு. அந்த இடைவெளிக்குள்ளைதான் எங்கடை சத்தம் நுழையுது. ஜூனிலை திரும்ப 15 சதவீதம் ஏறினது. அதுக்காகப் போறதை நான் விடேல்லை.

சித்தி சொன்ன மாதிரி என்னாலை பேச ஏலாது. ஆனால் மேசையிலை குடுக்க அவவின்ரை கையிலை ஒரு தாள் இருந்திருந்தால் அதை ஒருவரும் சுருக்கியிருக்க மாட்டினம்.

தேத்தண்ணி நேரம்:

“தாள் இருந்திருந்தால்” என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. தமிழில் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்களா என்பதே எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சிங்களத்தில் எழுதக் காசு கொடுக்கவேண்டும் என்றுதான் நாங்கள் போவதே இல்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

எடுக்கத்தான் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் கொழும்பில் இருக்கிற நமக்கும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், அதற்கென்றே 1991இல் தனிச் சட்டம் உண்டு. காசு கொடுத்து எழுதவேண்டாம் அக்கா.

உரைபெயர்ப்பாளர் ஒருவர்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் இப்படிப்பட்ட கூட்டங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவள். சித்தி பேசிய கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தமிழில் பேசுவதை நாங்கள் சிங்களத்தில் சொல்கிறோம். ஹெட்செட்டில் அதைக் கேட்கிற அலுவலர் ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கிறார். அந்த ஆங்கிலக் குறிப்பு கடைசியில் திரும்பவும் தமிழாகி உங்கள் கைக்கு வருகிறது. மூன்று முறை கை மாறுகிறது. கை மாறும்போது முதலில் கொட்டிப்போவது மணி, எண், இடம் போன்ற சின்னச் சின்ன விவரங்கள். “நலன்”, “வசதி”, “மேம்பாடு” போன்ற சொற்கள் மட்டும் எந்த மொழியிலும் கரையாமல் மிதக்கும்.

ஒரு தடவை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டு நாற்பதுக்குத்தான் எனக்கு ஆவணம் வந்தது, நாற்பது பக்கம். சேவைக் காலப் பணிக்கொடை பற்றி ஒரு பந்தி. அதை வெறும் “பணம்” என்று சொல்லிவிட்டேன். தனியார் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983இன் சட்டம் சொல்கிற உரிமை அது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐயா அதை ஏதோ நன்கொடை என்று விளங்கி நன்றி சொன்னார். அந்த நன்றி இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஆவணம் முதல் நாளே வராவிட்டால் நான் வேலையை ஏற்பதில்லை.

பேச வருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எழுதியதில் ஒரு பிரதியைக் கூட்டம் தொடங்க முன்னமே பெட்டிக்குள் இருக்கும் எங்களிடம் தந்துவிடுங்கள். முக்கியமான ஒரு வசனத்தை முதலில் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள். சித்தியின் “அது வேலை நேரமா, தூங்குகிற நேரமா?” என்பதுதான் அந்த வசனம். முதல் மூச்சிலேயே அது வந்திருந்தால், எவ்வளவு அவசரத்திலும் அதை விட்டுவிட எங்களால் முடியாது.

நாட்டாமை மகன்:

எங்கப்பா புறக்கோட்டையில நாட்டாமை. வெங்காயம், கிழங்கு மூட்டை தூக்குறாரு. 2025 ஏப்ரல்ல குறைந்தபட்ச சம்பளம் மாசம் 27,000, நாளைக்கு 1,080ன்னு ஆனப்ப அப்பா சிரிச்சிக்கிட்டே கேட்டாரு, “நாளக்கூலி யாருகிட்டடா கேக்குறது?” மூட்டைக்குத்தான் காசு. லொறி வரலன்னா அன்னைக்கு ஒண்ணுமில்ல.

முறைசாரா தொழிலாளர் பத்திக் கருத்துக் கேக்குறாங்கன்னு நானே கூட்டிட்டுப் போனேன். எந்த இடம்னு சொல்லல. வாசல்ல ஒரு படிவம் தந்தாங்க. பேரு, விலாசம், அடையாள அட்டை இலக்கம், அப்புறம் “தொழில்தருநர் பெயர்”னு ஒரு கட்டம், ஒரு வெரல் அகலம். அப்பா ஒரு நாளைக்கு ஆறு கடைக்குத் தூக்குறாரு. ஆறு கடைப் பேரையும் நெருக்கி நெருக்கி எழுதினேன். மேசையில இருந்தவர் பாத்துட்டு “ஒண்ணு மட்டும் எழுதுங்க தம்பி, இல்லன்னா கம்பியூட்டர்ல ஏறாது”ன்னாரு. கோவமா சொல்லல, நல்லாத்தான் சொன்னாரு. ஆனா எந்தக் கடையை எழுதுறது? ஒண்ண எழுதினா அந்த முதலாளி நாளைக்கு “நானா உனக்குப் பொறுப்பு?”ன்னு கேப்பாரு. அஞ்ச விட்டா அது பொய்.

அப்பா படிவத்த என் கையிலருந்து வாங்கி நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு. வெளிய வந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு. அந்தப் படிவம் இன்னும் எங்க வீட்ல இருக்கு.

வெள்ளவத்தை மில்காரர்:

தம்பி, அந்தக் கட்டம்தான் முழுப் பிரச்சினையும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்திலை தொழிலாளியிட்டை 8 சதவீதம், முதலாளியிட்டை 12 சதவீதம் எண்டு சட்டம் சொல்லுது. அந்தப் பன்னிரண்டை ஆறு முதலாளிக்குள்ளை பிரிக்கிற வழியை ஒருவரும் இன்னும் எழுதேல்லை. அப்பா அதை எழுத வைக்கப் போனவர். படிவம் குடுக்காமல் வந்தது தோல்வியில்லை, ஆனால் அந்தத் தாள் உங்கடை வீட்டிலை இருக்கக்கூடாது, அவையின்ரை கோப்பிலை இருக்கவேணும்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. உரைபெயர்ப்பாளர் அக்காவுக்கு விசேஷமாக, நீங்கள் எழுதியதைச் சித்திக்கு போனில் வாசித்துக் காட்டினேன். “அந்தப் புள்ளயும் பாவம்தான், எட்டு நாற்பதுக்கு நாற்பது பக்கம்”ன்னு சொன்னார்.

தகவல் விண்ணப்பம் பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். “கூட்டத்தில் நடந்தது” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். திகதி, மண்டபம், எந்த வரைபு, “கூட்டக் குறிப்பும் பங்குபற்றியோர் கருத்துகளின் பட்டியலும்” என்று குறித்துக் கேட்டால்தான் கைக்கு வரும்.

குறிப்பு கிடைத்த பிறகு நானும் சித்தியும் செய்தது இது. தமிழில் ஒரு பக்கக் கடிதம். “இந்தத் திகதிக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி உங்கள் குறிப்பில் இல்லை. நான் கேட்டது இதுதான்” என்று எழுதி, பெல், ஒண்ணரை மணி, மோட்டர் ரூம், கடைப் பிள்ளை எல்லாவற்றையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். நலன் என்ற சொல்லைப் போடவே இல்லை. கீழே சித்தி கையெழுத்து வைத்தார். தபாலில் போடாமல் நேரே கொண்டுபோனோம், இரண்டு பிரதி. முகப்பில் இருந்த பிள்ளை தமிழ்க் கடிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஒருவரைக் கூப்பிட்டார். அவர் நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்து, “இது அம்மா சொன்னதா?” என்று சித்தியைக் கேட்டார். பிறகு எங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார். புதுச் சட்டத்தில் அது வருமா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோப்பில் ஏறியிருக்கிறது.

அந்தப் பிரதி இப்போது சித்தியின் அடையாள அட்டை இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. 2026 ஜனவரியில் குறைந்தபட்ச சம்பளம் 30,000 ஆன செய்தியை ரேடியோவில் கேட்டபோது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாராம். கையைத் துடைத்துவிட்டுப் போய் உறையை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து திரும்பத் துருவினாராம்.

நாட்டாமை மகன் தம்பி, அப்பாவுக்கு ஞாயிறு லொறி வராது என்று நினைக்கிறேன். அந்தப் படிவத்தையும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சித்திக்கும் அன்றைக்கு அரை நாள் லீவு. ஆறு கடைப் பெயரையும் எழுதுவோம். கட்டம் போதாவிட்டால் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவோம்.