பினெல்லஸ் கவுண்டியில் தோட்டமும் புயலும்: எங்கள் அனுபவம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் பினெல்லஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கி, தோட்டம் போட்டு, ஓரளவு தற்சார்பாக வாழ முடியுமா என்று தம்பி கேட்டிருந்தார். முடியும். ஆனால் மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த மனை கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று பாருங்கள்.

ஃப்ளோரிடாவிலேயே நெருக்கமாக மக்கள் வாழும் கவுண்டி இது. 2020 கணக்கெடுப்பில் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். மூன்று பக்கமும் தண்ணீர். பக்கத்து நகரமான டாம்பாவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் பாலம்தான்.

முன்பு இந்தக் கவுண்டியின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஷோர் ஏக்கர்ஸ் என்ற தாழ்வான பகுதியில் வாடகைக்கு இருந்தோம். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் 100 மைலுக்கும் அப்பால்தான் கரையைக் கடந்தது. நல்லவேளை, முதல்நாளே கிளம்பிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் கடல்நீர் புகுந்து சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கோடு. அவசரத்துக்கென்று கராஜ் தரையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை ஊதி வெடித்துக் கிடந்தது. சேமிப்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது. கறிவேப்பிலைச் செடி உப்பில் கருகிவிட்டது. நான்கு வருடம் வளர்த்த செடி, இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அடுத்த இரண்டே வாரத்தில் மில்டன் புயல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே நாளில் 18 அங்குலத்துக்கு மேல் மழை. பல பெட்ரோல் பங்க்குகளில் பெட்ரோலே இல்லை.

புயல் வரும்போது மக்களை வெளியேறச் சொல்வதற்காகப் பகுதிகளை ஏ முதல் ஈ வரை வெளியேற்ற மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வீடு பார்க்கும்போது அது எதில் வருகிறது என்று கேளுங்கள். காப்பீட்டுக்கான வெள்ள மண்டலம் வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

*

மேலே அண்ணா எழுதியது அத்தனையும் உண்மை. நாங்கள் இதே கவுண்டியில் க்ளியர்வாட்டர் ஊரில் மேட்டுப் பகுதியில் இருக்கிறோம், எந்த வெளியேற்ற மண்டலத்திலும் இல்லை. மில்டன் அன்று இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டில்தான் தங்கின. ஐந்து நாள் கரண்ட் இல்லை. அரைத்து வைத்த இட்லி மாவு முதல்நாளே புளித்துப் பொங்கிவிட்டது. அவலும் சத்துமாவும்தான் கைகொடுத்தன. தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வெறும் மணல், வேர்முடிச்சுப் புழு அதிகம். முதல் வருடம் தரையில் வைத்த வெண்டையைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. அப்புறம் எல்லாம் தொட்டிதான். தக்காளியை செப்டம்பரில் வையுங்கள், கோடை வெயிலில் காய் பிடிக்காது. சர்க்கரைவள்ளி கோடையையும் தாங்கும். முருங்கை குளிரில் கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடுகிறது.

தம்பி, வீடு அமைந்ததும் சொல்லுங்கள், முருங்கைப் போத்து வெட்டி வைக்கிறேன்.